கை மாறினால் சாப்பிடாத மீன்கள்

இனி என் ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கே சொந்தம் என்று நான் தீர்மானித்தது ஒரு திங்கட்கிழமை காலையில். பெரிய தீர்மானங்களைத் திங்கட்கிழமைதான் எடுக்க வேண்டும். முந்தின நாள் பட்ட காயம் அப்போதுதான் பச்சையாக இருக்கும்.

முந்தின நாள் நான் மாமியார் வீட்டில் இருந்தேன். அதற்கு முந்தின ஞாயிறும் அங்கேதான். கல்யாணம் ஆனதிலிருந்து எனக்கு வாரத்துக்கு ஆறே நாள். ஏழாவது நாள் மாமியார் வீட்டுக் குழாய்களுக்குச் சொந்தம்.

குழாய் விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் இருக்கிறேன். தண்ணீர் ஏன் வரவில்லை என்று கேட்பவர்களுக்குக் காரணம் சொல்வது என் வேலை. தண்ணீரை வரவைப்பது என் வேலை அல்ல. அதற்கு வேறு பிரிவு உண்டு. அது எந்த மாடியில் இருக்கிறது என்று எங்களுக்கே சரியாகத் தெரியாது. என் மாமியாரிடம் இந்த நுணுக்கமெல்லாம் எடுபடாது. குடிநீர் அலுவலகத்தில் இருக்கிறவனுக்குக் குழாய் ரிப்பேர் தெரியும். தெரியாவிட்டால் சம்பளம் எதற்குத் தருகிறார்கள்?

அந்த வீட்டுக் குழாய்கள் ஆறு நாளும் யோக்கியமாக இருக்கும். ஞாயிறு காலை வாசலில் என் செருப்புச் சத்தம் கேட்டதும் ஒழுகத் தொடங்கும். நான் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பேன். மாமியார் பக்கத்திலேயே நாற்காலி போட்டுத் தன் உடம்பைப் பற்றிச் சொல்வார். கால் பெருவிரலில் ஆரம்பித்து மேலே போவார். போன வாரம் கணுக்காலில் நிறுத்தியிருந்தால் இந்த வாரம் சரியாகக் கணுக்காலில் தொடங்குவார். உச்சந்தலைக்கு வந்து சேர்வதற்குள் பெருவிரலில் புதிதாக ஒரு வலி வந்திருக்கும். நடுநடுவே என் மைத்துனன் வந்து, “அத்தான், ஸ்பேனரைத் தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க” என்று சொல்லிவிட்டுப் போவான். கையிலிருந்து வாங்கமாட்டான். சொல்வதோடு சரி.

தப்பிக்க நான் முயலாமல் இல்லை. தலைவலி என்றேன்; மாமியார் வீட்டில் மாத்திரை இருந்தது. ஆபீஸ் வேலை என்றேன், மனைவி சிரித்தாள். தூரத்துப் பெரியப்பா ஒருவரை இரண்டு தடவை சாகடித்தேன். இரண்டாவது தடவை மனைவி துக்கம் விசாரிக்கப் புறப்பட்டுவிட்டாள்.

அப்போதுதான் புரிந்தது. செத்தவர்களை நம்பிப் பயனில்லை. காரணம் என்பது உயிரோடு இருக்க வேண்டும். மூச்சுவிட வேண்டும். நான் இல்லாவிட்டால் அது மூச்சை விட்டுவிட வேண்டும்.

நாய் வளர்க்கலாம். மனைவிக்குத் தும்மல் வரும். பூனையோ, வீட்டில் ஆளில்லை என்றால் சந்தோஷப்படும் ஜாதி. செடிக்குப் பக்கத்து வீட்டம்மாள் தண்ணீர் ஊற்றிவிடுவார். மிச்சம் இருந்தது மீன்.

“பின்னாடி ஒரு குட்டிக் குளம் வெட்டலாம்னு இருக்கேன்” என்றேன்.

மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“எதுக்கு? விழவா?”

“மீன் வளர்க்க.”

“வறுக்கவா?”

“பார்க்க. மீனைப் பார்த்துக்கிட்டிருந்தா மனசுக்கு நிம்மதியாம்.”

“யார் மனசுக்கு?”

“நம்ம மனசுக்குத்தான்.”

“நம்ம மனசுன்னா, அதுல நானும் உண்டா?”

“உன்னை விட்டுட்டு எனக்கு ஏது நிம்மதி?”

இந்த வாக்கியத்தை எந்தத் தொனியில் சொன்னேன் என்று நினைவில்லை. அவள் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு தடவை பார்த்தாள். “சரி, வெட்டுங்க” என்றாள்.

அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். சண்டை போடாத மனைவியும் சத்தம் போடாத பம்பும் ஒன்று. உள்ளே ஏதோ நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இதைப் புகார்ப் பிரிவில் சேர்ந்த புதிதிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். பம்பைப் பற்றித்தான் சொன்னார்கள். மீதியை நானே விளங்கிக்கொண்டிருக்கலாம்.

துணிக்கொடிக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவில் ஒரு கட்டில் போடுகிற அளவு மண் இருந்தது. அதில் வெட்டினேன். இடுப்பளவு ஆழம் என்பது திட்டம். முழங்கால் வந்ததும் திட்டத்தைத் திருத்திக்கொண்டேன். அரசாங்க வேலைகள் எல்லாம் அப்படித்தானே முடிகின்றன. தடித்த பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, ஓரத்தில் கல் அடுக்கி, குழாய்த் தண்ணீரை நிரப்பினேன். ஒரு வாரம் அது வெயிலில் கிடந்தது. நான் தைலம் தடவிக்கொண்டு நிழலில் கிடந்தேன்.

அடுத்த சனிக்கிழமை மீன் வாங்கப் போனோம்.

மீன் கடையில் சுவர் முழுக்கக் கண்ணாடித் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு மோட்டார் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. கடைக்காரருக்கு முழங்கை வரை ஈரம். இத்தனை மோட்டாருக்கும் மேலே பேசிப் பேசி, அவருக்குப் பொதுக்கூட்டக் குரல் வந்திருந்தது. என் மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். கையில் போன், மறுமுனையில் அவள் அம்மா. அவர்கள் இருவரும் பேசத் தொடங்கினால் மீன் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, அந்தக் குஞ்சும் பெரிதாகிவிடும். எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

“எப்படிப்பட்ட மீன் சார் வேணும்?”

“ரொம்பத் தொந்தரவு குடுக்கிற மீனா வேணும்.”

“தொந்தரவு குடுக்காத மீனா?”

“இல்லைங்க. குடுக்கிற மீன்.”

அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு என்னை நன்றாகப் பார்த்தார். இருபது முப்பது வருடமாக எல்லோரிடமும் ‘ஒரு தொந்தரவும் இல்லை சார்’ என்று சொல்லியே விற்றவர். திடீரென்று மாற்றிப் பேச அவருக்கு வரவில்லை.

“கப்பி எடுத்துக்குங்க சார். சின்ன மீன். கொசுப்புழுவைத் தின்னே வளர்ந்துடும். தீனியே வேணாம். அதுவே குட்டி போட்டு அதுவே பார்த்துக்கும்.”

“அவ்வளவு பொறுப்பான மீன் எனக்கு வேணாம்.”

பெரிய தொட்டியில் வெள்ளையும் சிவப்புமாகக் கொழுத்த மீன்கள் சுற்றின. “அது?”

“அது கோய். வளர்ந்தா உங்க கை நீளம் வரும். குளம் என்ன ஆழம்?”

“முழங்கால் அளவு.”

“யாரோட முழங்கால்?”

“என்னோடதுதான்.”

கடைக்காரர் எட்டி என் முழங்காலைப் பார்த்தார். “வேணாம் சார். திரும்ப இடம் பத்தாது. பின்பக்கமாத்தான் நீந்தணும்.”

மூலைத் தொட்டியில் ஒரு மீன் தலையில் காலிஃபிளவர் வைத்தது மாதிரி இருந்தது. உருண்டை உடம்பு. நீந்துவதே பெரிய உபகாரம் என்பது போல நீந்தியது.

“ஐயோ, அது நோஞ்சான் சார். கொஞ்சம் வெயில் கூடினா சுருண்டுக்கும். கொஞ்சம் தீனி கூடினா வயிறு உப்பி மல்லாந்துக்கும். பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்துக்கணும்.”

என் கண் கலங்கிவிட்டது. “இதைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்.”

“திறந்த குளத்துல ஒரு வாரம் தாங்காது. அப்புறம் செத்துப்போச்சுன்னு எங்கிட்டதான் சண்டைக்கு வருவீங்க.”

யோசித்தேன். செத்த மீனுக்கு யாரும் தீனி போட முடியாது. பெரியப்பா கதை ஆகிவிடும்.

“உங்களுக்குச் சாதாத் தங்கமீன்தான் சரி” என்று அவரே முடிவு செய்தார். “வெயிலோ மழையோ கல்லு மாதிரி கிடக்கும். நீங்க பத்து நாள் ஊருக்குப் போனாக்கூடப் பாசியையும் பூச்சியையும் தின்னுட்டு ஜம்முனு இருக்கும்!”

“கொஞ்சம் மெதுவா...”

“என்ன சார்?”

“மெதுவாச் சொல்லுங்கன்னேன்!”

“பத்து நாள் பட்டினி போட்டாலும் ஒண்ணும் ஆகாதுன்னேன் சார்!”

தொட்டிகள் அதிர்ந்தன. நான் திரும்பி வாசலைப் பார்த்தேன். மனைவி போனைக் காதில் வைத்துக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி, “ம்... ம்...” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பாடா.

ஐந்து தங்கமீன்கள் பிளாஸ்டிக் பைக்குள் ஏறின. “தண்ணியை வெயில்ல வச்சுட்டீங்கல்ல? குழாய்ல வந்ததும் அப்படியே விட்டா மீன் செத்துடும்” என்றார் கடைக்காரர்.

“அதைத்தாங்க நாங்க ஊருக்கே குடிக்கக் குடுக்கறோம்.”

“மனுஷங்க பழகிட்டாங்க சார்.”

வீட்டுக்கு வந்து மீன்களைக் குளத்தில் விட்டோம். ஐந்தும் ஒரு வட்டம் அடித்தன. அதில் பருத்த ஒன்று வாயைத் திறந்து திறந்து மூடியது. எங்கள் பிரிவின் மேலாளரும் இப்படித்தான். வாய் அசையும், விஷயம் இருக்காது. அதற்கு மேலாளர் என்றே பெயர் வைத்தேன்.

“நாளைக்கு அம்மா வீட்டுக்குக் கிளம்பணும். வெள்ளனே எந்திரிங்க” என்றாள் மனைவி.

இந்த நொடிக்காகத்தான் நான் குழி வெட்டியிருந்தேன்.

“எப்படிம்மா வர முடியும்? இதுங்களுக்குக் காலையில, மத்தியானம், சாயங்காலம்னு மூணு வேளை தீனி போடணுமே.”

“பக்கத்து வீட்டம்மாகிட்டச் சொல்லிட்டுப் போலாம்.”

எங்கள் பிரிவில் ஒரு பால பாடம் உண்டு. காரணத்தை மட்டும் சொல்லாதே. கூடவே ஒரு விதியையும் சொல். காரணத்தோடு மல்லுக்கு நிற்பார்கள். விதி என்றால், எல்லாம் விதி என்று போய்விடுவார்கள்.

“அதுதான் முடியாது. தங்கமீனுக்கு ஒரே கைதான் தீனி போடணும். கை மாறினா சாப்பிடாது. அதிர்ச்சி ஆகி அப்படியே மிதந்துடும்.”

“நான் போட்டாலுமா?”

“நீ போட்டாலும்தான்.”

“இத்தனை வருஷமா நான் போட்டதைத்தானே நீங்க சாப்பிடறீங்க. மிதக்கலையே?”

“நான் மீன் இல்லையே.”

“ஆமா, இல்லை” என்றாள். கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் சொன்னாள்.

ஞாயிறு காலை மைத்துனன் வந்து அவளை அழைத்துப் போனான். கதவைச் சாத்தினேன். வீடு அமைதியாக இருந்தது. அப்படி ஒரு வீடு எனக்கு இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. செய்தித்தாளை விலை அச்சிட்ட இடம் வரை படித்தேன். தூங்கினேன். எழுந்து, தூங்கினதை நினைத்துப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கினேன். சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடிப்பது என்பார்கள். நான் ஐந்து சின்ன மீனைப் போட்டு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்ததும். மூன்று வேளை தீனியில் குளம் பச்சையாகிவிட்டது. மேலாளர் இன்னும் பருத்தார். மனைவி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதோடு விட்டாளா? பக்கத்து வீட்டம்மாளிடம், பால் கொண்டுவருகிறவரிடம், என் ஆபீஸ் மேலாளர் வீட்டுக்கே போன் செய்து அவர் மனைவியிடம், எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னாள். “இவர் கை பட்டாத்தாங்க அதுங்க வாயைத் திறக்கும். ஒரு வேளை இவர் இல்லைன்னா அஞ்சும் செத்துடும்.” மாமியார் போனில் நெகிழ்ந்துபோனார். “வாயில்லா ஜீவன் மேல மாப்பிள்ளைக்கு எவ்வளவு இரக்கம்!” நான் அடக்கமாகத் தலைகுனிந்தேன். போனில் தலைகுனிவது தெரியாது என்றாலும் குனிந்தேன்.

இனி என் தூண்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் பிரிவு வருஷத்துக்கு ஒரு தடவை மலைமேல் இருக்கும் ஏரிக்குப் போகும். வேனில் போய், ஏரிக்கரை விடுதியில் மூன்று நாள் தங்கி, தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்போம். புகார் சொல்ல யாரும் இல்லாத மூன்று நாள். அதற்காகவே நான் வருஷம் முழுக்க உயிர் வாழ்கிறேன் என்று சொன்னால் மனைவி கோபித்துக்கொள்வாள்; ஆகவே சொன்னதில்லை. என் தூண்டில் அலமாரிக்கு மேலே உறை போட்டு இருக்கும். மாதம் ஒரு தடவை எடுத்துத் துடைத்துவைப்பேன். வீட்டில் நான் துடைக்கும் ஒரே பொருள் அதுதான் என்று மனைவி சொல்வாள். இந்த வருஷம் குடும்பத்தோடு வரலாம் என்று அறிவித்திருந்தார்கள்.

சாப்பிடும்போது மெல்லத் தொடங்கினேன்.

“வர்ற வெள்ளிக்கிழமை ஏரிக்குப் போறோம். ஞாபகம் இருக்கா?”

“இருக்கே. பாவம், இந்தத் தடவை உங்களால போக முடியாது.”

“ஏன் முடியாது?”

“மீன்?”

எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தேன். “மூணு நாள்தானே. பக்கத்து வீட்டம்மா...”

“கை மாறினா?”

“நீ போட்டாப் பழகிக்கும்.”

“அதிர்ச்சி ஆகாது?”

“லேசா ஆகும். தாங்கிக்கும்.”

“அப்படியா!” அவள் முகம் மலர்ந்தது. “மூணு நாள் தாங்கினா ஒரு ஞாயித்துக்கிழமை தாங்காதா? அம்மா தினம் கேக்கறாங்க. அங்க எல்லாக் குழாயும் ஒழுகுது.”

நான் தண்ணீர் குடித்தேன். குடிக்கும்போது எப்போதும் நல்ல யோசனை வரும். எங்கள் அலுவலகத் தண்ணீருக்கு அந்த ஒரு குணம் உண்டு.

“தானாத் தீனி போடற மெஷின் ஒண்ணு வந்திருக்காம். நேரம் பார்த்து அதுவே கொட்டுமாம்.”

“நல்லதாப் போச்சு. வாங்கிடுங்க. இனிமே ஞாயித்துக்கிழமைக்கு அதுவே போதும்.”

“மெஷினுக்குக் கை கிடையாதே” என்று நானே அவசரமாகச் சொல்லும்படி ஆகிவிட்டது. “மீன் ஏத்துக்காது.”

“அதானே பார்த்தேன்” என்று எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

கணக்குப் போட்டேன். உண்மையைச் சொன்னால் ஏரி கிடைக்கும்; ஞாயிறு போகும். ஞாயிறு ஒவ்வொரு வாரமும் வரும். ஏரி வருஷத்துக்கு ஒரு தடவை. ஏரியைப் பலி கொடுத்துவிட்டு ஞாயிற்றைக் காப்பாற்றுவதுதான் புத்திசாலித்தனம். ஆபீசில் இதைச் சமரசம் என்போம். கொடுக்கிறவனுக்கு அது வேறு மாதிரி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

“நான் போகலை” என்றேன். “உயிர் விஷயம்.”

“எனக்குத் தெரியும் உங்க மனசு” என்றாள். பிறகு, மோர் ஊற்றிக்கொண்டே, “வேன்ல நம்ம ரெண்டு இடமும் காலியாப் போகுதுன்னு மேலாளர் வீட்டம்மா ரொம்ப வருத்தப்பட்டாங்க. அதனால நானும் தம்பியும் போறோம்னு சொல்லிட்டேன்.”

“எப்போ சொன்னே?”

“போன வாரம்.”

வெள்ளிக்கிழமை காலை வேன் வந்தது. என் சகாக்கள் ஜன்னலுக்கு ஜன்னல் தலையை நீட்டி, “மீனைப் பார்த்துக்குங்க சார்!” என்றார்கள். மைத்துனன் என் தூண்டிலைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஏறினான். தலைகீழாகப் பிடித்திருந்தான். நான் சுட்டிக்காட்டவில்லை. மனைவி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினாள்.

“தனியா இருப்பீங்களேன்னு கவலைப்படாதீங்க. ஏற்பாடு பண்ணிட்டேன்.”

வேன் போன புழுதி அடங்குவதற்குள் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. மாமியார் இறங்கினார். ஒரு பெட்டி, ஒரு தலையணை, ஒரு கனமான துணிப்பை. பையைத் தூக்கி உள்ளே வைத்தேன். டங்கென்று சத்தம் கேட்டது.

“இது என்ன அத்தை?”

“குழாய்தான் மாப்பிள்ளை. சமையல் ரூம் குழாய். உங்களாலதான் மீனை விட்டுட்டு வர முடியலையே, அதான் கழட்டிக் கொண்டாந்துட்டேன். ஸ்பேனரும் உள்ள இருக்கு.”

பின்பக்கம் குளக்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் துவைக்கிற கல்லில் குழாயை வைத்துக் குத்துக்காலிட்டேன். அவர் கையிலிருந்த பிஸ்கட்டை நொறுக்கித் தண்ணீரில் தூவினார். ஐந்து மீனும் பாய்ந்து வந்தன. மேலாளர் கிட்டத்தட்ட அவர் மடியில் ஏறினார். அதிர்ச்சி எனக்கு மட்டும்தான்.

“பரவாயில்லையே, சாப்பிடுதே” என்றார்.

“நல்ல பசி போலிருக்கு அத்தை.”

“இருக்கும், இருக்கும். ஆமா, நீங்க வராம எத்தனையோ விட்டுப்போச்சு. கணுக்கால்ல நிறுத்தினோம், இல்லையா? இப்போ முழங்கால் வந்தாச்சு. இடுப்பும் தோளும் அப்படியே பாக்கி நிக்குது. மூணு நாள்ல முடியாது மாப்பிள்ளை. இனிமே ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நானே இங்க வந்துடறேன். அவ கூட அதுதான் நல்லதுன்னா. அவளும் தம்பியும் அங்க கொஞ்சம் நிம்மதியா இருப்பாங்களாம். குழாயும் இன்னும் மூணு இருக்கு.”

ஏரி போயிற்று. தூண்டில் போயிற்று. எதற்காக இதையெல்லாம் கொடுத்தேனோ அந்த ஞாயிறும், இதோ, தலையணையோடு வந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. எங்கள் பிரிவின் வரலாற்றிலேயே யாரும் செய்யாத காரியத்தைச் செய்யத் துணிந்தேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். மீனை விட்டுவிட்டு நானே அங்கே போவேன், வாரம் தவறாமல் போவேன், சாயங்காலமாவது என் வீட்டுக்குத் திரும்பிவிடலாம்.

“அத்தை, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நீங்க சிரமப்பட்டு வரவேணாம். இந்த மீனுக்கு ஒரே கையெல்லாம் வேணாம். பத்து நாள் தீனியே போடாட்டிக்கூட ஒண்ணும் ஆகாது.”

மாமியார் கையைத் தட்டித் துகள் உதிர்த்தார்.

“அதுதான் தெரியுமே மாப்பிள்ளை. கடைக்காரர் கத்தினப்போ நான்தானே போன்ல இருந்தேன். நீங்க முதல்ல ஸ்பேனரைத் திருப்பிப் பிடிங்க.”